ஐப்பசியில் படித்ததை அசைபோடுவது எப்படி?

தேர்வுக்காக இல்லை, வேலைக்காகவும் இல்லை, பிடித்திருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு மாதம் புத்தகம் படித்திருக்கிறீர்கள். இரண்டு புத்தகமோ ஐந்து புத்தகமோ, முடித்ததோ பாதியில் விட்டதோ, எதுவானாலும் சரி. அந்த மாதம் முடிகிற மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அதை அசைபோடுவது எப்படி என்று புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கோத்தகிரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், கடை வேலை ஆரம்பிப்பதற்கு முன், ஆறேழு பேர் அங்கே கூடிப் படித்ததைப் பேசுவோம். புதிதாக வருகிறவர்களில் பலர் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஆசையாகப் படிக்கிறார்கள். மாதம் முடிகிறது. என்ன படித்தீர்கள் என்று கேட்டால் புத்தகத்தின் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள்.

போன ஐப்பசியில் 23 வயதுப் பெண் ஒருத்தி எங்களோடு சேர்ந்தாள். குரூப் 4 தேர்வுக்காக மூன்று வருஷம் கிளை நூலகத்தில் உட்கார்ந்து படித்தவள். வேலை கிடைத்த பிறகுதான் கதைப் புத்தகம் பக்கமே வந்தாள். மாதக் கடைசியில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கண் கலங்கிவிட்டாள். "ஒன்னுமே ஞாபகம் வரலக்கா. அந்த நாவல்ல பெரியப்பா பேரு என்னன்னே மறந்துடுச்சு." அந்தப் பெயரை யாரும் அவளிடம் கேட்கவில்லை. மூன்று வருஷப் பழக்கம், தனக்குத் தானே கேள்வித்தாள் தயாரித்துக்கொண்டிருந்தாள். கீழே சொல்லியிருப்பதில் பாதி அவளோடு உட்கார்ந்து செய்து பார்த்தது.

மாதம் எங்கே தொடங்குகிறது?

ஒன்றாம் தேதிக்கு ஒன்றாம் தேதி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். நான் தமிழ் மாதத்தை வைத்துக்கொள்கிறேன், எங்கள் ஊர் வானிலைக்கு அது பொருந்துகிறது. தென்மேற்குப் பருவமழையில் கூடலூர்ப் பக்கம்தான் அதிகம் நனையும். கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. "ஐப்பசியில் அடைமழை" என்று சொன்னவர்கள் எங்கள் ஊருக்கு வந்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். நான்கு மணிக்கே இருட்டிக்கொண்டு வரும், மூடுபனி வாசற்படி வரை ஏறி நிற்கும். படிக்க அதைவிட நல்ல மாதம் இல்லை. உங்களுக்கு எந்த மாதம் வசதியோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். முடிவு நாளை மட்டும் முன்கூட்டியே குறித்து வைத்துவிடுங்கள்.

தேவையானவை: ஒரு 40 பக்க நோட்டு, பேனா, டீ.

முதலில் அடுக்கி வையுங்கள், திறக்க வேண்டாம்

அந்த மாதம் கை வைத்த எல்லாவற்றையும் ஓர் இடத்தில் கொண்டுவந்து வையுங்கள். நூலகத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்ட புத்தகத்துக்குப் பதிலாக அதன் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். கைப்பேசியில் படித்ததற்கும் அப்படியே. வாரப் பத்திரிகையில் படித்த ஒரு சிறுகதை, பிள்ளைக்குப் படித்துக் காட்டிய படக்கதை, 20 பக்கத்தில் விட்டது, முன்னுரை மட்டும் படித்தது எல்லாம் அந்த அடுக்கில் உண்டு. முடித்தவை மட்டும்தான் கணக்கு என்று நினைத்து மற்றதை ஒதுக்கிவிடுகிறார்கள். அப்புறம் மாதம் வெறுமையாகத் தெரிகிறது.

மலையில் இருப்பவர்களுக்கு இந்த அடுக்குவதில் இன்னொரு பயன் உண்டு. மழை மாதத்தில் புத்தகத்தில் பூஞ்சை பிடித்திருந்தால் இப்போதுதான் கண்ணில் படும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில்தான் ஈரம் முதலில் ஏறும், அதனால் சுவருக்கும் புத்தகத்துக்கும் நடுவில் நான்கு விரற்கடை இடம் விடுங்கள். ஈரப்பதத்தோடு டிரங்குப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். பூஞ்சை இருந்தால் வெளியே எடுத்துப்போய், மூக்கை மூடிக்கொண்டு, உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் காற்றோட்டமான இடத்தில் விரித்து நிறுத்துங்கள். நூலகப் புத்தகமாக இருந்தால் நீங்களே எதுவும் செய்ய வேண்டாம், நூலகரிடம் சொல்லிவிடுங்கள்.

மூடிய புத்தகத்திலிருந்து எழுதுங்கள்

இதுதான் முக்கியமான படி. ஒரு மணி நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்.

புத்தகத்தைத் திறக்காமல், பின்னட்டையைக்கூடப் பார்க்காமல், ஒவ்வொன்றிலிருந்தும் மனதில் என்ன இருக்கிறதோ அதை எழுத வேண்டும். கதைச் சுருக்கம் வேண்டாம். சுருக்கம் எழுத உட்கார்ந்தால் அந்தப் பெண்ணைப் போல "பெரியப்பா பேரு என்ன?" என்பதில் போய் மாட்டிக்கொள்வீர்கள். அவளிடம் நான் வேறு விதமாகக் கேட்டேன். "அந்த நாவல்ல எந்த இடத்துக்கு இப்பவே போய் நிக்க முடியும்?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "ஒரு சமையக்கட்டுக்கா. புகை. மேல ஓட்டுல ஒரு கண்ணாடி பதிச்சிருப்பாங்க, அது வழியா வெயில் கம்பு மாதிரி இறங்கும். அந்தம்மா அதுல கைய நீட்டிப் பாப்பாங்க." அதை அப்படியே எழுதச் சொன்னேன். எழுத ஆரம்பித்ததும் அந்த அம்மா யாரிடம் பேசுவதில்லை, ஏன் பேசுவதில்லை, வீட்டில் யாருக்கு முதலில் சோறு போடுவார்கள் என்று வரிசையாக வந்தது. முக்கால் பக்கம் எழுதிவிட்டாள். பெரியப்பா பேர் கடைசி வரை வரவில்லை.

இப்படிச் சில கேள்விகள் கைவசம் இருந்தால் போதும். எந்த இடத்தில் போய் நிற்க முடிகிறது? யாருடைய குரல் காதில் கேட்கிறது? எங்கே படிப்பதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தீர்கள்? எந்தப் பக்கத்தில் கோபம் வந்தது? யாரைப் பார்த்ததும் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது? எல்லாவற்றுக்கும் பதில் எழுத வேண்டியதில்லை. ஒன்று பிடிபட்டால் மற்றவை தானாக வரும். வீட்டில் பேசுகிற தமிழிலேயே எழுதுங்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர், இந்த மலையில் படுகர்கள் பேசும் படுகு மொழியும் தமிழும் கலந்து எழுதுகிறார். அவர் படித்துக் காட்டும்போது எல்லாருக்கும் புரிகிறது.

ஏன் மூடி வைத்து எழுத வேண்டும்? மறதியைப் பற்றி முதலில் முறையாகச் சோதித்துப் பார்த்தவர் ஹெர்மன் எபிங்காஸ் என்ற ஜெர்மன் அறிஞர். பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எத்தனை நாளில் எவ்வளவு போகிறது என்று தன்னையே வைத்துக் கணக்கெடுத்து 1885இல் வெளியிட்டார். மறதி முதல் நாளிலேயே வேகமாக நடந்துவிடுகிறது, அதற்குப் பிறகு மெதுவாகிறது என்பது அவர் கண்டது. அப்படியென்றால் ஒரு மாதம் கழித்தும் உங்களிடம் இருக்கிற அந்தச் சமையற்கட்டு, மறதியின் அந்த வேகமான சரிவைத் தாண்டி வந்து நிற்கிறது. மறந்ததைப் பற்றி வருத்தப்படுவதைவிட, எது நின்றது என்று பார்ப்பது எவ்வளவோ மேல். இன்னொன்று, 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் ஒரு வாரம் கழித்து அதை அதிகமாக ஞாபகம் வைத்திருந்தார்கள். நீங்கள் எழுதுகிற இந்த அரைமணி நேரமே அந்தப் புத்தகத்தை உங்களுக்குள் இன்னும் கொஞ்சம் ஆழமாக ஊன்றிவிடுகிறது.

இப்போது திறந்து பாருங்கள்

எழுதியதை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைத் தேடுங்கள். எல்லாப் புத்தகத்துக்கும் முடியாது. ஒன்றிரண்டுக்குச் செய்தால் போதும்.

இங்கே ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். போன ஐப்பசியில் நான் படித்த ஒரு சிறுகதையில், தங்கையை வழியனுப்ப வந்த அக்கா பஸ் போன பிறகும் நிறுத்தத்திலேயே நிற்பாள். கொட்டும் மழையில் நின்றாள் என்று எழுதியிருந்தேன். புடவைத் தலைப்பிலிருந்து தண்ணீர் சொட்டுவதுகூட என் நோட்டில் இருக்கிறது. புத்தகத்தைத் திறந்தால் அந்தக் கதையில் மழையே இல்லை, நல்ல உச்சி வெயில். அந்த மழை என் கடைத் தகரக் கூரையில் அன்றைக்குப் பெய்தது. என் தங்கையை மேட்டுப்பாளையம் பஸ் ஏற்றிவிட்டு நான் நின்ற நாளில் பெய்தது.

இப்படி மாறிப்போன இடங்களைத் தப்பு என்று அடித்துவிடாதீர்கள். பக்கத்திலேயே "புத்தகத்தில் வெயில்" என்று குறித்து வையுங்கள். கதை உங்கள் வாழ்க்கைக்குள் எந்த வழியாக நுழைந்தது என்பது அங்கேதான் தெரிகிறது. இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

திரும்பப் படித்த புத்தகம் இருந்தால் இன்னும் நல்லது. குறிஞ்சி பூத்த 2006இல் ஒரு நாவல் படித்தேன். அடுத்து 2018இல் மலை மறுபடி நீலமானபோது ஏதோ ஞாபகத்தில் அதையே எடுத்துப் படித்தேன். முதல் முறை மகளின் பக்கம் நின்று படித்த அதே சண்டையை, இரண்டாம் முறை அம்மாவின் பக்கம் நின்று படித்துக்கொண்டிருந்தேன். முதல் வாசிப்பைப் பற்றி அன்றைக்கே இரண்டு வரி எழுதி வைத்திருந்ததால்தான் இது தெரிந்தது. நோட்டில் தேதி போடுங்கள்.

பாதியில் விட்டவை

இதில் பலருக்குக் குற்ற உணர்ச்சி வருகிறது. வர வேண்டியதில்லை. சீர்காழியில் பிறந்து, இந்திய நூலகத் துறைக்கே வழிகாட்டிய எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் ஐந்து விதிகளை வெளியிட்டார். அதில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். நீங்கள் விட்ட புத்தகம் வேறு யாருக்கோ உரியதாக இருக்கலாம், அல்லது இன்னும் ஐந்து வருஷம் கழித்து வரப்போகிற உங்களுக்கு உரியதாக இருக்கலாம்.

ஆனாலும் ஏன் விட்டீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். "பிடிக்கவில்லை" என்று மட்டும் எழுதினால் அது உதவாது. புத்தகம் பிடிக்காமல் விடுவது வேறு, வேலை குறுக்கே வந்து விட்டுப்போவது வேறு, உள்ளே நுழையவே வழி தெரியாமல் நிற்பது வேறு. அந்தப் பெண் ஒரு சரித்திர நாவலை 60ஆம் பக்கத்தில் மூடி வைத்திருந்தாள். கேட்டால், பெயர்கள் குழப்புகின்றன என்றாள். அது மூன்றாம் வகை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று கோடு போட்டு வரைந்துகொண்டால் தீர்ந்துவிடும். பிடிக்கவில்லை என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்திருந்தால் ஒரு நல்ல புத்தகத்தை இழந்திருப்பாள். உண்மையிலேயே பிடிக்காததை மனத்தாங்கல் இல்லாமல் விட்டுவிடுங்கள். மகிழ்ச்சிக்காகப் படிக்கிறோம், வாங்கிய கடனை அடைப்பதற்காக இல்லை.

எப்போது, எங்கே படித்தீர்கள்

சுருக்கமாகப் பார்த்தால் போதும். மாதத்தின் நாட்களை ஒரு வரிசையாக எழுதி, படித்த நாளுக்குக் கீழே ஒரு புள்ளி வையுங்கள். என் ஐப்பசியில் தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரமும் ஒரு புள்ளி இல்லை. ஜாக்கெட்டும் பாவாடை சட்டையும் தைத்து முடிக்கவே இரவு 11 ஆகும். தீபாவளி முடிந்த மூன்றாம் நாளிலிருந்து வரிசையாகப் புள்ளிகள். அதைப் பார்த்த பிறகு, அடுத்த வருஷம் அந்த இரண்டு வாரத்துக்கு நாவல் எடுக்காமல் இரண்டு பக்கக் கவிதைகளை எடுத்து வைப்பது என்று முடிவு செய்தேன். ஒரு நாளைக்கு 10 பக்கம் படித்தாலே 30 நாளில் 300 பக்க நாவல் முடிந்துவிடும். அந்த 10 பக்கம் நாளின் எந்த மூலையில் கிடைக்கிறது என்று புள்ளிகள் காட்டிக்கொடுக்கும்.

மலைப் பாதையில் மினி பஸ்ஸில் படிக்கலாம் என்று சிலர் முயல்கிறார்கள். வளைவுகளில் உடம்பு அசைவதை உட்காது உணர்கிறது, கண்ணோ அசையாத பக்கத்தைப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போகாமல் தலை சுற்றி வாந்தி வரும். பஸ்ஸில் ஜன்னலைப் பாருங்கள்.

இன்னொன்று. குளிருக்காகக் கரிக் கும்முட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுப் படிக்கிற வழக்கம் இருந்தால் இன்றைக்கே விட்டுவிடுங்கள். எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு மணம் கிடையாது, தூக்கம் வருவது போலத்தான் இருக்கும். அப்படியே உயிர் போய்விடும். கம்பளியும் ஸ்வெட்டரும் வெந்நீர்ப் பையும் போதும்.

ஒருவரிடமாவது சொல்லுங்கள்

எழுதியதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லும்போது, எழுதும்போது வராத ஒன்று வரும். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒருவருக்கு ஐந்து நிமிடம். முழுக் கதையையும் சொல்லக் கூடாது. நோட்டிலிருந்து ஓர் இடத்தைப் படிக்க வேண்டும், அப்புறம் புத்தகத்திலிருந்து ஒரு பத்தியைச் சத்தமாகப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். கேட்பவர்கள் திருத்தக் கூடாது, கேள்வி கேட்கலாம். கூட்டம் இல்லாதவர்கள் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருப்பவரிடம் சொல்லுங்கள், போனில் தோழியிடம் சொல்லுங்கள். என் மழைக் கதையை என் தங்கையிடம்தான் முதலில் சொன்னேன். அவள் அன்றைக்குப் பஸ்ஸில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்ததாகச் சொன்னாள். எனக்கு அது தெரியாமலே இருந்திருக்கிறது.

அடுத்த புத்தகம்

நோட்டில் எழுதியதை ஒருமுறை படித்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப வருகிற ஒன்று இருக்கும். அந்தப் பெண்ணின் பக்கங்களில் சமையற்கட்டும் திண்ணையும் கிணற்றடியும் வந்துகொண்டே இருந்தன. சண்டைக் காட்சி ஒன்றுகூட இல்லை. அதனால் அடுத்த மாதத்துக்கு, பெண்கள் எழுதிய வீட்டுக் கதைகளின் தொகுப்பு ஒன்றைத் தேடலாம் என்று பேசிக்கொண்டோம். அதிகம் விற்கிற புத்தகங்களின் பட்டியலைப் பார்த்து எடுப்பதைவிட இந்த வழி நம்பகமானது என்பது என் அனுபவம். கூடவே, உங்களுக்குக் கொஞ்சமும் பழக்கமில்லாத வகையில் ஒன்றையும் எடுத்து வையுங்கள்.

எங்கே தேடுவது? முதலில் பக்கத்துக் கிளை நூலகம். 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம்தான் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்துதான் போகிறது, அதனால் தயங்காமல் உள்ளே போங்கள். வாசிப்பு அறையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் நிறைந்திருப்பார்கள், அவர்கள் நடுவில் நாவல் விரித்து உட்காரக் கூச்சமாக இருக்கும். உட்காருங்கள். தேடுவது அங்கே இல்லையென்றால் ஊட்டியில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. 1859இல் தொடங்கிய நீலகிரி நூலகமும் ஊட்டியில்தான், அது சந்தா கட்டும் உறுப்பினர்களுக்கானது. பழைய தமிழ் நூல்களுக்கு இணையத்தில் மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தொகுப்பு இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கியது, தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறார்கள். மழை நாளில் மரம் சாய்ந்தால் கரண்டும் போகும், சிக்னலும் போகும். வேண்டியதை முன்னாடியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த புத்தகத்தின் பெயரையும் ஏன் எடுத்தீர்கள் என்பதையும் நோட்டின் புதுப் பக்கத்தில் ஒரு வரி எழுதி, அடுத்து உட்காரப்போகும் நாளையும் குறித்துவிடுங்கள். எங்களுக்குக் கார்த்திகைக் கடைசி ஞாயிறு. அந்தப் பெண் வீட்டுக் கதைகளோடு அந்தச் சரித்திர நாவலையும் மறுபடி எடுத்துப் போயிருக்கிறாள். உறவுமுறைப் படம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏற்கெனவே பாதி நிறைந்துவிட்டது. போன வாரம் கடைக்கு வந்தபோது 110ஆம் பக்கத்தில் இருந்தாள்.